பைலட் சுடரும் அதன் காவலும்

சோழ மன்னர் காலத்துக் கல்வெட்டுக்களில் நந்தா விளக்கு என்னும் பெயரை நாம் அடிக்கடி காண்கிறோம். இரவும் பகலும் அவியாது எரிய வேண்டிய கோயில் விளக்கு அது. அதற்கு நெய் குறைவின்றிக் கிடைக்கும் பொருட்டு, ஒரு விளக்குக்கு 96 ஆடுகள் என்ற கணக்கில் அறம் வைப்பது அந்நாளைய வழக்கம். அம் மந்தைக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். மடிவனவற்றுக்கும் மூப்பு எய்துவனவற்றுக்கும் ஈடாகக் குட்டிகள் சேர்ந்துகொண்டே வரும். ஆதலால் மந்தையும் குறையாது, விளக்கும் அவியாது.

இன்று ஓட்டல் அடுப்பிலும், சில வீடுகளின் குளியலறை வெந்நீர்க் கருவியிலும் அத்தகைய சிறு விளக்கொன்று எரிகிறது. பெரிய பர்னரைப் பற்றவைப்பதற்காகவே ஓயாது எரியும் அச்சிறு சுடரை மெக்கானிக்குகள் பைலட் என்பார்கள். கோயில் விளக்கு அணைந்தால் மறுபடியும் ஏற்றிவிடலாம். அதனால் வேறு தீங்கில்லை. பைலட் அணைந்தாலோ, எரிய வேண்டிய வாயு எரியாமல் அறைக்குள் பரவத் தொடங்கும். ஆகவே பைலட்டை அணையாமல் காப்பது நம் கடமையில் ஒரு பாதியே. அது அணைந்துபோனால் வாயு தானாகவே அடைபடுகிறதா என்று சோதித்து அறிவது மற்றொரு பாதி. இந்த இரண்டாம் பாதியைத்தான் நம்மில் பலர் கவனிப்பதில்லை. இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவது முக்கியமாக அதைப் பற்றியே.

ஆண்டாப் ஹில்லும் எரிவாயுவும்

மும்பையில் சயான் கோலிவாடாவுக்கும் வடாலாவுக்கும் அருகே அமைந்த ஆண்டாப் ஹில் நம்மவர் பலருக்குப் பழகிய இடம். சற்று நடந்தால் மாதுங்கா. சயானைத் தாண்டினால் தாராவி. கிழக்கே போனால் செம்பூர். மத்திய அரசு ஊழியர் குடியிருப்பும், பழைய ஓரறை வீடுகளும், குடிசைகள் இருந்த இடத்தில் எழுந்த அடுக்கு மாடிகளும் அங்கே ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. இட்லியும் தோசையும் விற்கும் சிறு கடைகளுக்கும் அங்கே குறைவில்லை. ஆதலால் எரிவாயுவை நம் மக்கள் எந்தெந்த வகையில் கையாளுகிறார்கள் என்பதை அறிய அந்த ஒரு பகுதியே போதும். ஒரு வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர். அடுத்த மாடியில் குழாய் வழி வரும் வாயு. கீழே கடையில் 19 கிலோ வணிகச் சிலிண்டர்.

மும்பைக்கு எரிவாயு புதிதன்று. 1860-களிலேயே அந்நகரின் தெரு விளக்குகள் நிலக்கரி வாயுவால் எரிந்தன. 1955-இல் பர்மா-ஷெல் கம்பெனி பர்ஷேன் என்ற பெயரில் சிலிண்டர் வாயுவை அந்நகரில் விற்கத் தொடங்கியது. 1974-இல் அரபிக் கடலில் பம்பாய் ஹை என்னும் இடத்தில் எண்ணெயும் வாயுவும் கண்டுபிடிக்கப்பட்டன. 1995-இல் மகாநகர் காஸ் நிறுவனம் தோன்றி, இயற்கை வாயுவைக் குழாய் வழியே வீடுகளுக்குக் கொண்டுவந்தது. அந்த வாயு நகருக்குள் புகும் வாயில்களில் ஒன்று, ஆண்டாப் ஹில்லுக்கு அண்டையிலுள்ள வடாலாவில் இருக்கிறது.

2025 நவம்பர் நடுவில் நிகழ்ந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். டிராம்பே பக்கத்து உரத் தொழிற்சாலை வளாகத்தினுள் பெரிய வாயுக்குழாய் ஒன்று சேதமடைந்தது. வடாலா நிலையத்துக்கு வரும் வாயு தடைப்பட்டது. வீடுகளுக்கு முதலிடம் தந்து வாயுவைப் பங்கிட்டார்கள். ஆட்டோக்களும் டாக்ஸிகளும் வாயு நிலையங்களில் வரிசையாகக் காத்து நின்றன. தொழிற்சாலைகளும் வணிகப் பயனாளரும் வேறு எரிபொருளை நாடும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். சில நாட்களில் நிலைமை சீரடைந்தது.

இச்சம்பவத்தில் நமக்கு ஒரு பாடம் உண்டு. எந்த ஊரிலும் எந்தக் குழாயிலும் வாயு ஒருநாள் நிற்கக்கூடும். நின்றது மீண்டும் வரவும் கூடும். தண்ணீர்க் குழாயில் இந்த அனுபவம் நம் எல்லோருக்கும் உண்டு. தண்ணீர் வராத வேளையில் குழாயைத் திறந்து பார்த்து, மூட மறந்து வெளியே போய்விட்டால், திரும்பி வரும்போது வீடெல்லாம் வெள்ளமாயிருக்கும். வாயுவின் கதையும் இதுவே. வாயு நின்றதும் பைலட் அணைகிறது. சில மணி நேரம் கழித்து வாயு வருகிறது, சுடர் இல்லை. இரண்டுக்கும் ஒரு வேற்றுமைதான்: தண்ணீர் வழிந்தால் கண்ணுக்குத் தெரியும், வாயு வழிந்தால் தெரியாது. சிலிண்டர் தீர்ந்து புதிய சிலிண்டர் மாட்டும் ஒவ்வொரு முறையும் இதே நிலை ஏற்படுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

காவலாளி எப்படி வேலை செய்கிறான்?

பைலட்டின் உறுப்புக்கள் சிலவே. மெல்லிய குழாயொன்று வாயுவைக் கொண்டுவருகிறது. அதன் முனையில் ஜெட் என்னும் பித்தளைத் துண்டு. அதில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு துளை. துளைக்குப் பக்கத்தில் காற்று புகுவதற்கு ஒரு சிறு வழி. மேலே சுடரைத் திசை திருப்பும் மூடி. பள்ளிக்கூட ஆய்வுசாலையில் நாம் கண்ட பன்சன் பர்னரின் தத்துவமே இங்கும் உள்ளது. வாயுவோடு தக்க அளவு காற்றுக் கலந்தால் சுடர் நீலமாக எரியும். காற்றுக் குறைந்தால் மஞ்சளாகிப் புகையும்.

சுடருக்குள் தலை நீட்டிக்கொண்டு ஒரு சிறு உலோகக் குச்சி நிற்கும். அதுதான் காவலாளி. தெர்மோகப்பிள் என்பது அதன் பெயர். வெப்ப மின்னிரட்டை என்று பாடப் புத்தகங்கள் சொல்லும். வெவ்வேறான இரண்டு உலோகங்களை முனையில் இணைத்து, அந்த முனையைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1821-இல் ஜெர்மானிய விஞ்ஞானி தாமஸ் சீபெக் கண்டார். பைலட்டில் பிறக்கும் மின்சாரம் மிக அற்பமானது. சுமார் 25 மில்லிவோல்ட் இருக்கும். டார்ச் விளக்குக்குப் போடும் ஒரு செல்லின் அழுத்தத்தில் அறுபதில் ஒரு பங்கு என்று சொல்லலாம்.

இவ்வளவு சிறிய மின்சாரம் ஒரு மின்காந்தத்தை இயக்குகிறது. வாயு வரும் வழியில் ஸ்பிரிங் பொருத்திய ஒரு வால்வு உண்டு. ஸ்பிரிங் அதனை எப்போதும் மூடவே முயலும். மின்காந்தம் அதனைத் திறந்த நிலையில் பிடித்து நிறுத்தும். மூடிய வால்வை இழுத்துத் திறக்கும் வலிமை அந்தக் காந்தத்துக்கு இல்லை. திறந்ததை விடாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே அதற்கு முடியும். அதனால்தான் பைலட்டைப் பற்றவைக்கும்போது குமிழை அரை நிமிடம் போல் அழுத்தியே வைத்திருக்கிறோம். வால்வைத் திறப்பது நம் விரல். தெர்மோகப்பிள் சூடேறியபின் பிடியை ஏற்றுக்கொள்வது காந்தம்.

சுடர் அணைந்ததும் குச்சி குளிர்கிறது. மின்சாரம் குன்றுகிறது. காந்தம் பிடியை விடுகிறது. ஸ்பிரிங் வால்வை மூடுகிறது. டிக் என்ற மெல்லிய ஓசை கேட்கிறது. அந்த ஓசைக்குப் பிறகு வாயு வராது, வரக்கூடாது.

எல்லாப் பைலட்டுக்கும் இந்தக் காவல் உண்டு என்று எண்ணிவிடக் கூடாது. தோசைக்கல் அடுப்பிலும், இட்லி வேகவைக்கும் நீராவி அடுப்பிலும் பைலட் வெறும் பித்தளைக் குழாயும் திருகுமாக மட்டுமே இருப்பதைப் பல கடைகளில் காணலாம். அது அணைந்தால் அடைப்பதற்கு எதுவுமில்லை. அத்தகைய அடுப்பு உள்ள கடையில் காவலாளி மனிதனே. அடுப்பை விட்டு அகலும்போது பைலட் திருகையும், கடை அடைக்கும்போது சிலிண்டர் அல்லது மீட்டர் வால்வையும் மூடுவது அங்கே கட்டாயம். புதிய அடுப்பு வாங்குகிறவர்கள், சுடர் அணைந்தால் வாயுவை அடைக்கும் சாதனம் உள்ளதைக் கேட்டு வாங்குவது நலம்.

இன்று வீடுகளுக்கு வரும் உடனடி வெந்நீர்க் கருவிகளில் ஓயாது எரியும் பைலட் பெரும்பாலும் இல்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்ததும் பாட்டரியின் உதவியால் பொறி தெறித்துச் சுடர் பற்றும். சுடர் உண்டா இல்லையா என்பதை ஓர் உணர்முனை கவனித்துக்கொண்டிருக்கும். முறை வேறு, கடமை ஒன்றே: சுடர் இல்லையேல் வாயு இல்லை.

சுடரைப் பார்த்தே சொல்லலாம்

கருவியைக் கழற்றாமலே வீட்டிலுள்ளோர் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. அது சுடரைக் கூர்ந்து பார்ப்பது. நல்ல பைலட் சுடர் நீலமாக, நிலையாக, தெர்மோகப்பிளின் மேல்முனையைச் சூழ்ந்து எரியும்.

சுடர் மஞ்சளாகத் துவண்டு ஆடினால் காற்று வழி அடைபட்டிருக்கலாம். நூலிழை, மாவுத் தூள், ஒட்டடை ஆகியவை அந்தச் சிறு துவாரத்தில் படிவது இயல்பு. சிலந்திகள் அத்துவாரத்தில் வலை பின்னுவதும் உண்டு. சுடர் மிகச் சிறுத்திருந்தால் ஜெட் துளை அடைபட்டிருக்கலாம், அல்லது வாயுவின் அழுத்தம் குறைந்திருக்கலாம். சுடர் சீறிக்கொண்டு முனையை விட்டு எழும்பினால் அழுத்தம் மிகுந்திருக்கலாம். பாத்திரத்தின் அடியிலோ கருவியின் முகப்பிலோ கரி படிந்தால், அது மஞ்சள் சுடர் விட்டுச்சென்ற எழுத்து என்றே கொள்ள வேண்டும்.

சிலிண்டரிலிருந்து குழாய் வாயுவுக்கு மாறுகிற வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே கன அளவில் சிலிண்டர் வாயு தரும் வெப்பம், இயற்கை வாயு தருவதைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஆதலால் சிலிண்டர் வாயுவுக்குச் சிறிய துளையுள்ள ஜெட்டும், இயற்கை வாயுவுக்குப் பெரிய துளையுள்ள ஜெட்டும் வேண்டும். சிலிண்டர் ஜெட்டில் குழாய் வாயு விட்டால் சுடர் ஒடுங்கிவிடும். குழாய் வாயு ஜெட்டில் சிலிண்டர் வாயு விட்டால் சுடர் மஞ்சளாக ஓங்கிக் கரி கக்கும். பெரிய பர்னரின் ஜெட்டை மாற்றிய மெக்கானிக் பைலட்டின் ஜெட்டை மறந்துவிடுவதும் உண்டு. வேலை முடிந்ததும், இரண்டையும் மாற்றினாயா என்று கேட்பதில் தவறில்லை. ஊர் மாறுகிறவர்கள் பழைய வெந்நீர்க் கருவியைக் கூடவே கொண்டுபோகும்போதும் இக்கேள்வியைக் கேட்க வேண்டும்.

துப்புரவு செய்யும் முறை

பைலட்டைக் கழற்றித் துப்புரவு செய்வது பயிற்சி பெற்ற மெக்கானிக்கின் வேலை. வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, அவ்வேலை முறைப்படி நடக்கிறதா என்று அருகில் நின்று பார்ப்பது. ஆண்டுக்கு ஒரு முறை, பொதுவாக மழைக்காலம் கழிந்தபின், இதனைச் செய்வித்துக்கொள்ளலாம். கடலோர ஊர்களில் உப்புக் காற்றும் ஈரமும் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். மின் இணைப்புக்களும் மங்கிப்போகும்.

முதலில் கருவியின் வால்வை மட்டுமன்றி, சிலிண்டர் ரெகுலேட்டரையும் அல்லது மீட்டர் வால்வையும் மூட வேண்டும். கருவி நன்றாக ஆற வேண்டும். ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும். அதன் பிறகே மூடியைக் கழற்றலாம்.

மூடியிலும் காற்று வழியிலும் உள்ள தூசியை மென்மையான தூரிகையால் நீக்குவார்கள். ஜெட்டைக் கழற்றி, எதிர்ப்புறமிருந்து காற்று ஊதிச் சுத்தம் செய்வார்கள். இங்கேதான் பெரும் பிழை நேர்கிறது. ஊசியையோ கம்பியையோ விட்டுத் துளையைக் குத்தக் கூடாது. பித்தளை மெதுவானது, ஒரு குத்தில் துளை அகன்றுவிடும். அகன்ற துளை அதிக வாயுவை விடும். சுடர் நீண்டு மஞ்சளாகும். ஊதியும் நீங்காத அடைப்பு இருந்தால், அதே வாயுவுக்கு உரிய புது ஜெட்டை மாட்டுவதே முறை. அதன் விலை அற்பம்.

தெர்மோகப்பிளின் முனையில் படிந்த கரியை மெல்லிய துணியால் துடைக்கலாம். முனை தேய்ந்தோ வெடித்தோ இருந்தால் மாற்றிவிட வேண்டும். அதன் மறுமுனை வால்வோடு சேரும் மரையில் அழுக்கு இருந்தால் அந்த 25 மில்லிவோல்ட்டும் வழியிலேயே நின்றுவிடும். அந்த மரையை விரலால் இறுக்கி, மேலும் கால் சுற்று ஸ்பானரால் திருகினால் போதும். மிதமிஞ்சி இறுக்கினால் உள்ளே இருக்கும் இணைப்பு நசுங்கும்.

குமிழை விட்டதும் பைலட் அணைந்துபோகிறது என்பது மெக்கானிக்குகள் அடிக்கடி கேட்கும் புகார். காரணம் பெரும்பாலும் தேய்ந்த தெர்மோகப்பிளே. அதனை மாற்றாமல், குமிழைக் கம்பியால் கட்டிவைப்பதும், இடுக்கில் தீக்குச்சி செருகிவைப்பதும் சில இடங்களில் நடக்கிறது. சுடர் நிற்கும், வேலை ஓடும், காசும் மிச்சமாகும். ஆனால் காவலாளியின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு வாசற்கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பான செயல் அது. அன்று அணையும் சுடருக்கு வாயுவை அடைப்பார் எவருமில்லை.

எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, கழற்றிய மூட்டு ஒவ்வொன்றையும் சோப்பு நுரையால் சோதிக்க வேண்டும். சோப்புக் கரைசலைத் தூரிகையால் தடவி, வாயுவைத் திறந்து, ஒரு நிமிடம் பார்த்தால் போதும். கசிவு இருந்தால் குமிழிகள் கிளம்பும். தீக்குச்சியைக் கிழித்துக் காட்டிக் கசிவு தேடுவது அறியாமை. அதனை எந்த மெக்கானிக் செய்தாலும் தடுக்க வேண்டும். சோதனை முடிந்ததும் சோப்பைத் துடைத்துவிடுவது நல்லது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ரப்பர்க் குழாயின் மேல் அச்சிட்ட காலக்கெடுவையும் அப்போதே பார்த்துவிடலாம். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை அதனை மாற்றுவது விதி.

பற்றவைப்பதும் அணைத்துப் பார்ப்பதும்

பற்றவைக்கும் முன் முகர்ந்து பார்க்க வேண்டும். எரிவாயுவுக்கு இயற்கையில் மணமில்லை. கசிந்தால் தெரியும் பொருட்டே மெர்காப்டன் என்னும் நாற்றப் பொருளை அதில் சேர்க்கிறார்கள். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. தரையில் தவழ்ந்து மூலைகளில் தேங்கும். ஆகவே அங்கே குனிந்து முகர வேண்டும். குழாய் வழி வரும் இயற்கை வாயு காற்றைவிட இலேசானது. கூரையின் கீழ்த் தங்கும். அங்கே மேலே உள்ள ஜன்னலைத் திறக்க வேண்டும். நாற்றம் சிறிதேனும் இருந்தால் தீக்குச்சியும் வேண்டாம், மின்சார ஸ்விட்சும் வேண்டாம். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம்.

நாற்றம் இல்லையென்றால், தீயை முதலில் பைலட்டின் அருகில் கொண்டுசென்று, பிறகே குமிழை அழுத்த வேண்டும். தீ முன்னே, வாயு பின்னே என்பது வாயு அடுப்பின் முதல் விதி. சுடர் பற்றியபின் அரை நிமிடம் அழுத்தி, மெதுவாக விட வேண்டும். அணைந்துவிட்டால் உடனே மறுபடியும் முயலாமல், ஐந்து நிமிடம் காத்திருந்து, தேங்கிய வாயு கலைந்தபின் முயல வேண்டும். மூன்று முறையும் நிற்காத சுடர் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறது என்று பொருள்.

இப்போது முக்கியமான சோதனைக்கு வருகிறோம். மெக்கானிக் செய்ய, நாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பெரிய பர்னரை அணைத்து, பைலட்டை மட்டும் ஐந்து நிமிடம் எரியவிட வேண்டும். பிறகு கருவிக்கு வரும் வாயு வால்வை மூடினால் பைலட் அணையும். அந்தக் கணத்திலிருந்து விநாடிகளை எண்ண வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் டிக் என்ற ஓசை கேட்க வேண்டும். கேட்டபின், குமிழைத் தொடாமல், எரியும் தீக்குச்சியைப் பைலட்டின் வாயில் பிடித்துக்கொண்டு வாயு வால்வைத் திறக்க வேண்டும். பைலட் பற்றக் கூடாது. பற்றாவிட்டால் காவல் சரி. பற்றிவிட்டால் வால்வு அடைபடவில்லை. உடனே வாயுவை மூடிக் கருவியை ஒதுக்கிவைக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் செய்தி அன்று அது.

பாட்டரியால் பற்றும் கருவியில் சோதனை எளிது. வெந்நீர் வரும்போது தண்ணீர்க் குழாயை மூடினால் சுடர் அக்கணமே அணைய வேண்டும். வாயு வால்வை மூடிவிட்டுத் தண்ணீரைத் திறந்தால், பொறி சில விநாடிகள் தெறித்துத் தானே நின்றுவிட வேண்டும். இவ்விரண்டில் எது தவறினாலும் கருவியை உபயோகிக்கக் கூடாது.

சிறு குளியலறையும் சுடரும்

வால்வு சரியாக இருந்தும் உயிருக்கு ஆபத்து வரக்கூடிய வழி ஒன்று உண்டு. அது சுடர் அணைவதால் வருவதன்று. மூச்சுக்குக் காற்றில்லாமல் சுடர் எரிவதால் வருவது.

ஒரு கன மீட்டர் இயற்கை வாயு முற்றும் எரிய ஏறத்தாழ பத்துக் கன மீட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் வெந்நீர் தரும் கருவி மணிக்கு ஒரு கன மீட்டருக்குச் சற்று மேல் வாயு எரிக்கும். பதினொரு கன மீட்டர் போல் காற்றைக் கொள்ளும். மும்பையில் 1995-இல் தொடங்கிய குடிசை மறுவாழ்வுத் திட்டத்தில் வீட்டின் அளவு முதலில் 225 சதுர அடியாக இருந்தது. பின்னர் 269 ஆகி, அதன் பின் 300 ஆயிற்று. அத்தகைய வீட்டின் குளியலறை நான்கைந்து கன மீட்டர் காற்றே கொள்ளும். கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டால், அங்குள்ள காற்று முழுவதையும் அக்கருவி அரை மணிக்குள் கேட்டுவிடும். காற்று முற்றும் தீரும் வரை ஆபத்துக் காத்திருக்காது. பிராணவாயு சற்றுக் குறைந்ததுமே சுடர் அரைகுறையாக எரிந்து, கார்பன் மானாக்ஸைடு என்னும் நச்சு வாயுவைக் கக்கத் தொடங்கும்.

அந்த நச்சுக்கு நிறமில்லை, மணமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், கால் தளர்ச்சி. அதற்குமேல் கதவின் தாழ்ப்பாளை எட்டவும் உடலில் வலு இராது. பழைய நிலக்கரி வாயுவில் இந்நச்சு கலந்தே வந்தது. இன்றைய வாயுவில் அது இல்லை. ஆனால் மூடிய அறையில் நாமே அதனை உண்டாக்கிக்கொள்ளக்கூடும். குளிர்காலத்தில் மூடிய குளியலறையில் மயங்கி விழுந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவ ஏடுகள் பல முறை எழுதியிருக்கின்றன.

ஆகவே வாயு வெந்நீர்க் கருவியைக் குளியலறைக்குள் மாட்டக் கூடாது. காற்றோட்டமுள்ள பால்கனியிலோ வெளிச்சுவரிலோ மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் மூலம் உள்ளே கொண்டுவர வேண்டும். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தால், அதனை வெளியே மாற்றும் வரை, கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடித்துக்கொண்டு, கருவியை அணைத்த பிறகே குளிக்கச் செல்லலாம். மழைச் சாரலுக்கும் குளிருக்கும் பயந்து காற்று வழியைக் காகிதத்தால் அடைப்பது உயிருக்கு உலை வைக்கும் காரியம்.

உள்ளே போனவர் குரல் கொடுக்கவில்லையென்றால் கதவைத் திறந்து, வாயுவை மூடி, அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கிவந்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாயுக் கருவி எரிந்துகொண்டிருந்தது என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்ல வேண்டும். சிகிச்சை அதைப் பொறுத்தது. ஆண்டாப் ஹில் வாசிகளுக்குச் சயான் மருத்துவமனை என வழங்கும் லோகமான்ய திலகர் மருத்துவமனை அருகிலேயே உள்ளது.

கேட்க வேண்டிய ஒரு கேள்வி

வெளிமாநிலங்களில் வாழும் நம் மக்களுக்கு மொழியும் ஒரு தடை. கருவியின் மேல் ஒட்டிய எச்சரிக்கை ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்கும். மெக்கானிக்கும் பெரும்பாலும் இந்தியில் பேசுவார். வீட்டில் அந்த வேளையில் இருப்பவர் பாட்டியாகவோ, ஊரிலிருந்து புதிதாக வந்த மருமகளாகவோ இருக்கலாம். அவர்களுக்காக ஒரு வாக்கியத்தை மட்டும் இங்கே எழுதுகிறோம்: பைலட் புஜ்னே பர் காஸ் பந்த் ஹோதீ ஹை க்யா? திகாயியே. பைலட் அணைந்தால் வாயு நிற்கிறதா, காட்டுங்கள் என்பது இதன் பொருள். வேலை முடிந்து கூலி கேட்கும்போது இதனைக் கேட்டால் போதும். நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியோடு சோதித்துக் காட்டுவார். தட்டிக்கழிப்பவரிடம் கருவியை ஒப்படைக்காமலிருப்பது மேல்.

சிலிண்டர் வாயு கசிந்தால் இந்தியாவெங்கும் 1906 என்ற எண்ணுக்குச் சொல்லலாம். தீயணைப்புப் படைக்கு 101. எல்லா அவசரத்துக்கும் 112. குழாய் வாயு உள்ளவர்கள் தம் கட்டண ரசீதில் அச்சிட்ட அவசர எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைக்க வேண்டும். வெளியே வந்து, வாயு நாற்றம் எட்டாத இடத்தில் நின்றே தொலைபேச வேண்டும்.

இத்தனைக்கும் ஆகும் செலவு ஆண்டுக்கு ஒரு முறை மெக்கானிக்கின் கூலியும், சிறிது சோப்பு நுரையும், ஒரு நிமிடக் காத்திருப்பும். சுவரின் ஒரு பக்கத்தில் நம் குடும்பமும் மறுபக்கத்தில் அண்டை வீட்டார் குடும்பமும் உறங்கும் நெருக்கத்தில் நாம் வாழ்கிறோம். அந்த ஒரு நிமிடம் நாம் காத்து நிற்பது இரு குடும்பத்துக்காகவும்தான்.